சென்ட் வாங்கும் மூக்கு

பிராக் நகரத்தின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் மனித உடலின் வாடையை ஆராய்வதையே முழுநேர வேலையாக வைத்திருக்கும் ஒரு குழு உண்டு. யான் ஹாவ்லிச்செக் அதில் முக்கியமானவர். 2012-ல் இவர்கள் வெளியிட்ட ஒரு சோதனை கேட்பதற்குக் கொஞ்சம் முகம் சுளிக்க வைக்கும். சில ஆண்களை அவர்கள் வழக்கமாகப் போடும் சென்ட்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். ஆய்வாளர்களாகப் பார்த்துக் கொடுத்த வேறொரு சென்ட்டையும் போட வைத்தார்கள். அக்குளில் பஞ்சுப் பட்டை ஒட்டி, ஊறியதை எடுத்து, அது யாருடையது என்று தெரியாத ஆட்களிடம் முகரக் கொடுத்தார்கள். எது நன்றாக இருக்கிறது என்று மதிப்பெண் போடுவது அவர்கள் வேலை.

சென்ட்டை மட்டும் தனியாக முகர்ந்தபோது இரண்டுக்கும் இனிமையில் வித்தியாசம் தெரியவில்லை. உடம்பு வாடையோடு கலந்து வந்தபோதுதான் முடிவு மாறியது. அவரவர் தாமே தேர்ந்தெடுத்து வைத்திருந்த சென்ட்டின் கலவைக்கு மதிப்பெண் கூடுதலாக விழுந்தது.

கடையில் நின்று “இது எனக்குப் பிடிச்சிருக்கு” என்று சொல்கிறோமே, அப்போது புட்டியில் இருப்பதை மட்டும் நாம் எடைபோடவில்லை. நம்முடைய சொந்த வாடையோடு அது சேருமா, சேராதா என்பதையும் மூக்கு பார்த்துக்கொள்கிறது. நம்மிடம் கேட்காமலே பார்த்துக்கொள்கிறது. சோதனை சிறியது, கலந்துகொண்ட ஆட்களும் குறைவு. இது ஒன்றை மட்டும் வைத்துக் கோட்டை கட்டிவிட முடியாது. ஆனால் இதே திசையில் 2001-லேயே ஒரு ஆய்வு வந்திருந்தது.

அது சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் நடந்தது. மான்ஃப்ரெட் மிலின்ஸ்கி, கிளாஸ் வெடெகிண்ட் இருவரும் 137 மாணவ மாணவிகளின் நோய் எதிர்ப்பு மரபணுக்களில் ஒரு தொகுதியை வகைப்படுத்தி வைத்துக்கொண்டார்கள். எச்.எல்.ஏ. என்பது அதன் பெயர். சிறுநீரக மாற்று அறுவைக்குப் பொருத்தம் பார்க்கும்போது மருத்துவர்கள் பார்ப்பதும் இதைத்தான். 36 வாசனைகளை வரிசையாக முகரக் கொடுத்து, “இந்த வாசனை உங்கள் மேல் வீச வேண்டும் என்று விரும்புவீர்களா?” என்று கேட்டார்கள். ஒரே மாதிரி எச்.எல்.ஏ. உள்ளவர்களின் விருப்பங்கள் ஒத்துப்போயின. இரண்டு வருடம் கழித்து அவர்களில் சிலரிடம், “உங்கள் துணைவர்மேல் வீசினால் பிடிக்குமா?” என்று கேள்வியை மாற்றிப் போட்டபோது அந்தப் பொருத்தம் காணாமல் போனது. தனக்கென்று தேர்ந்தெடுக்கும்போது மட்டும் மரபணு வாய் திறக்கிறது, அடுத்தவருக்கு என்றால் சும்மா இருந்துவிடுகிறது. பிறந்தநாளுக்கு வரும் சென்ட் புட்டிகள் பாதி காலியாகாமல் அலமாரியில் கிடப்பதற்கு இதைவிட மரியாதையான காரணம் எனக்குத் தெரியாது.

எச்.எல்.ஏ.-வும் வாசனையும் பற்றி வந்த ஆய்வுகள் எல்லாமே ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆண்கள் அணிந்த பனியனைப் பெண்களிடம் முகரக் கொடுத்து இதே வெடெகிண்ட் 1995-ல் செய்த புகழ்பெற்ற சோதனையை, பின்னால் வேறு இடங்களில் செய்து பார்த்தவர்களுக்குக் கலவையான முடிவுகளே கிடைத்தன. மரபணு எவ்வளவு தூரம் தலையிடுகிறது என்ற வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. உடம்பு வாடைக்கு ஒரு பங்கு உண்டு என்பதில் மட்டும் பெரிய சந்தேகமில்லை.

அந்த வாடை எங்கிருந்து வருகிறது? வியர்வைக்கு அதற்கென்று வாடை கிடையாது. அக்குளில் உள்ள ஒருவகைச் சுரப்பிகள், புரதமும் கொழுப்பும் கலந்த, வாடையே இல்லாத ஒரு திரவத்தைக் கசியவிடுகின்றன. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தின்று, உடைத்து, ஆவியாகும் அமிலங்களாக்கி வெளியே தள்ளுகின்றன. நெரிசல் பேருந்தில் கம்பியைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்கிறவரிடமிருந்து வருவது இவற்றின் கைவேலைதான். எந்த பாக்டீரியா எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஏ.பி.சி.சி.11 என்ற ஒற்றை மரபணுவில் ஒரு சிறு மாற்றம் இருந்துவிட்டால் அந்தக் கசிவே பெரும்பாலும் நின்றுவிடுகிறது. கொரியா, சீனா, ஜப்பான் பக்கம் இந்த மாற்றம் மிகப் பரவலாக இருக்கிறது. அவர்களுடைய காதுக் குறும்பி நம்முடையதுபோல் பிசுபிசுக்காமல் உலர்ந்து உதிர்வதற்கும் இதே மரபணுதான் காரணம். காதுக்கும் அக்குளுக்கும் இப்படி ஒரு உறவு இருக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

சரி, புட்டிக்குள் என்ன இருக்கிறது? பெரும்பங்கு எத்தில் ஆல்கஹால். மிச்சம், பத்திலிருந்து இருபது முப்பது சதவீதம்வரை வாசனைப் பொருள்களின் கலவை. ஒரு சென்ட்டில் நூறு பொருள்கள் இருப்பதெல்லாம் சாதாரணம். அவை எல்லாம் ஒரே நேரத்தில் தோலைவிட்டுக் கிளம்புவதில்லை. அங்கேதான் கடைக்காரர் பிழைக்கிறார், நாம் ஏமாறுகிறோம்.

எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களின் வாசனைக்குக் காரணமான லிமோனீனின் மூலக்கூறு எடை 136. கொதிநிலை ஏறத்தாழ 176 டிகிரி. லாவெண்டரில் இருக்கும் லினலூல் இன்னும் கொஞ்சம் கனம். சலவைத் தூளிலிருந்து விலை உயர்ந்த சென்ட்வரை எல்லாவற்றிலும் போடப்படும் கேலக்ஸோலைட் என்ற செயற்கைக் கஸ்தூரியின் எடை 258. அறை வெப்பத்தில் காற்றில் ஏறும் வேகத்தைப் பார்த்தால் லிமோனீனுக்கும் கேலக்ஸோலைட்டுக்கும் ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். முதலாவது பத்துப் பதினைந்து நிமிடத்தில் பறந்துவிடும். இரண்டாவது மறுநாள் காலையிலும் சட்டைக் காலரில் உட்கார்ந்திருக்கும்.

இந்த ஓட்டப் பந்தயத்தைத்தான் சென்ட் தயாரிப்பவர்கள் டாப் நோட், ஹார்ட் நோட், பேஸ் நோட் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். வில்லியம் பௌச்சர் என்ற ஆங்கிலேயர் ஒவ்வொரு பொருளையும் காகிதத்தில் தொட்டு வைத்து, வாசனை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்து, 1 முதல் 100 வரை எண் கொடுத்துப் பட்டியலே போட்டார். அதில் நூறு வாங்கியவற்றில் ஒன்று பச்சௌலி. அந்தத் தைலத்தைக் கையில் கொட்டிக்கொண்டவர்களுக்கு நூறுக்கு மேலும் ஒரு எண் இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

கடையில் காகிதப் பட்டையில் ஒரு அடி அடித்து நீட்டுகிறார்களே, அந்த நொடியில் மூக்கில் ஏறுவது ஆல்கஹாலும் டாப் நோட்டும்தான். கூடவே வாங்க வந்தவர் முகம் மலர்கிறது, கார்டு வெளியே வருகிறது. ஆனால் நாள் முழுக்க அவரோடு அலுவலகத்துக்கு வந்து, மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, மாலை வீடு திரும்பப்போவது மற்ற இரண்டும். அவற்றை அவர் இன்னும் முகரவே இல்லை. இன்றைய சென்ட்களில் முதல் பத்து நிமிடத்துக்கே காசைக் கொட்டுகிறார்கள் என்ற குறை இத்துறையை அறிந்தவர்களிடம் அடிக்கடி கேட்கிறது. எனக்கும் அதில் உடன்பாடுதான்.

இந்த விஷயத்தில் நம் ஊர் அத்தர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். திருவல்லிக்கேணியிலோ மண்ணடியிலோ கடைக்குள் போனால், கண்ணாடிக் குச்சியைச் சிறு குப்பியில் தோய்த்து உங்கள் புறங்கையில் ஒரு கோடு இழுப்பார். காகிதம் கிடையாது. மரபான அத்தரில் ஆல்கஹாலும் இல்லை. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் பூவையோ வெட்டிவேரையோ செம்பு அண்டாவில் போட்டு, நீரோடு கொதிக்கவிட்டு, ஆவியை மூங்கில் குழாய் வழியே இறக்கி, அடியில் காத்திருக்கும் சந்தன எண்ணெயில் பிடிக்கிறார்கள். சந்தனத்தின் சாண்டலால் மெதுவாக ஆவியாகும் கனமான மூலக்கூறு. வாசனையைப் பிடித்து வைத்திருக்கும் வேலையையும் அதுவே பார்க்கிறது. அதனால் கடையில் கையில் வீசியதற்கும் சாயங்காலம் கையில் மிஞ்சுவதற்கும் இடையே பெரிய பள்ளம் விழுவதில்லை. சந்தனம் விலை ஏறிய பிறகு பாதி அத்தர்கள் திரவப் பாரஃபினில் மிதக்கின்றன என்பது வேறு சங்கதி.

பேஸ் நோட்டில் கொஞ்சம் நின்று போகலாம், ஏனென்றால் அடையாளம் என்று எதையாவது சொல்வதானால் அது அங்கேதான் இருக்கிறது. கஸ்தூரி மானின் கஸ்தூரியும் புனுகுப் பூனையின் புனுகும் பல நூற்றாண்டுகளாக இந்தப் பாத்திரத்தில் நடித்தவை. திருப்பதியில் வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப் பிறகு மூலவருக்குச் சாத்துவது புனுகுத் தைலம். 1926-ல் லெயோபோல்ட் ருஷிச்கா என்ற வேதியியலாளர் இவை இரண்டின் வாசனை மூலக்கூறுகளையும் பிரித்துப் பார்த்து அசந்துபோனார். கஸ்தூரியில் 15 கார்பன்கள், புனுகில் 17 கார்பன்கள் கைகோத்து வளையமாக நின்றன. அதுவரை எட்டுக்கு மேற்பட்ட கார்பன்கள் சேர்ந்த வளையம் நிலைக்காது, பிய்ந்துவிடும் என்றுதான் வேதியியல் நம்பியிருந்தது. ஒரு பூனையின் வால் அடிச் சுரப்பி அந்த நம்பிக்கையைக் கவிழ்த்தது. ருஷிச்காவுக்கு 1939-ல் நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்த வேலையும் ஒரு காரணம். அதற்கும் முன்பே, 1888-ல், ஆல்பர்ட் பௌர் என்ற ஜெர்மானியர் வெடிமருந்து தேடிப் போய்க் கஸ்தூரி மணக்கும் ஒரு பொருளோடு திரும்பியிருந்தார். டி.என்.டி.-க்கு அது தூரத்துச் சொந்தம்.

மூலக்கூறின் எடை 300-ஐ நெருங்க நெருங்க மனித மூக்கு அதைப் பிடிப்பது அரிதாகிறது. கஸ்தூரி மூலக்கூறுகள் அந்த எல்லையோரத்தில் நிற்பவை. ஒருவருக்குப் பட்டுப்போல் மணக்கும் செயற்கைக் கஸ்தூரி இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லாத வெறும் காற்றாகத் தெரிவது மிகச் சாதாரணம். ஒரு கஸ்தூரியை முகர முடியாதவர் இன்னொரு கஸ்தூரியை நன்றாக முகர்வார். சென்ட்காரர்கள் இரண்டு மூன்று கஸ்தூரிகளைச் சேர்த்தே போடுவதற்கு இது ஒரு காரணம்; ஏதாவது ஒன்று எல்லோருக்கும் எட்டிவிடும்.

ஏன் இப்படி? ரிச்சர்ட் ஆக்செல், லிண்டா பக் இருவரும் 1991-ல் கண்டுபிடித்து 2004-ல் நோபல் வாங்கிய விஷயத்தில் பதில் இருக்கிறது. மூக்கின் மேற்கூரையில் வாசனை மூலக்கூறுகளைப் பிடிக்கும் ஏற்பிகள் ஒரு பெரிய மரபணுக் குடும்பத்தால் ஆனவை. மனிதரில் வேலை செய்பவை சுமார் 400 வகை. கண்ணில் நிறத்துக்கு மூன்று வகைதான் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்த 400-ம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. ஜோயல் மெயின்லாண்டும் அவருடைய சகாக்களும் 2014-ல் போட்ட கணக்குப்படி, எந்த இரண்டு பேரை எடுத்தாலும் அவர்களுடைய ஏற்பி மரபணு வடிவங்களில் 30 சதவீதத்துக்கு மேல் செயல்படும் விதத்தில் வேறுபடுகின்றன. நீங்களும் விற்பனைப் பெண்ணும் ஒரே பட்டையைத்தான் முகர்கிறீர்கள். உங்கள் இருவர் தலைக்குள்ளும் ஏறுவது ஒரே வாசனை அல்ல.

ஆண்ட்ரோஸ்டீனோன் என்ற பொருள் இதற்கு நல்ல சாட்சி. ஆண் பன்றியின் எச்சிலில் ஏராளமாகவும் மனித வியர்வையில் கொஞ்சமாகவும் இருப்பது. சிலருக்கு மூத்திர நாற்றம். சிலருக்கு வெனிலா மாதிரி இனிப்பு. சிலருக்கு ஒன்றுமே இல்லை. ஓ.ஆர்.7டி4 என்ற ஏற்பியின் எந்த வடிவம் ஒருவருக்கு இருக்கிறது என்பது இதைப் பெருமளவு தீர்மானிக்கிறது என்று 2007-ல் காட்டினார்கள். வயலட் பூவின் வாசனையான பீட்டா அயனோனும் இதே கதை. நியூசிலாந்தில் 2013-ல் நடந்த ஆய்வில், ஒரே ஒரு ஏற்பியின் வடிவத்தைப் பொறுத்து அதைச் சிலர் பூ வாசனை என்றார்கள், சிலர் புளிப்பு, காடி என்றார்கள். வயலட் கலந்த சென்ட்டைப் போட்டுக்கொண்டு வரும் மருமகளும், “என்ன இது, வினிகர் வாடை?” என்று கேட்கும் மாமியாரும் இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

மல்லிகை விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, அது நமக்கே உரியது. 1921-ல் எர்னெஸ்ட் போ ஷனேல் அம்மையாருக்காகச் செய்த நம்பர் 5, ஆல்டிஹைடுகளைத் தாராளமாக ஊற்றிப் புகழ்பெற்றது; மாதிரிக் குப்பிகளில் ஐந்தாம் எண்ணை அந்த அம்மையார் தேர்ந்தெடுத்ததால் அந்தப் பெயர். அதன் நடுவில் இருப்பது பிரான்சின் கிராஸ் ஊர் மல்லிகை. தாவரவியல்படி அது நாம் பிச்சி அல்லது ஜாதிமல்லி என்று சொல்லும் இனமேதான். தமிழ்நாட்டில் விளையும் ஜாதிமல்லியும் குண்டுமல்லியும் கரைப்பானில் ஊறி, மெழுகாக இறுகி, டின்களில் அடைபட்டுக் கப்பலேறி வெளிநாட்டு சென்ட் கம்பெனிகளுக்குப் போகின்றன.

இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த மூக்குக்கு, ‘ஜாஸ்மின்’ என்று எழுதிய பெரும்பாலான புட்டிகள் சோப்பு மாதிரி இருக்கின்றன. காரணம் இண்டோல். மல்லிகையில் சிறிதளவு இண்டோல் உண்டு. அதே பொருள் மலத்திலும் உண்டு. மதுரையில் சாயங்காலம் மொட்டாக வாங்கிய சரம் ராத்திரியில் விரிந்து, விடிகாலையில் தலையணை ஓரத்தில் கிடக்கும்போது, இனிப்புக்கு அடியில் கனத்த, கொஞ்சம் அழுகின ஒரு வாடை வருமே, அதில் இண்டோலுக்குப் பங்குண்டு. அது இல்லாவிட்டால் மல்லிகைக்கு உயிர் இல்லை. பயந்த கம்பெனிகள் அதை மட்டும் வடிகட்டி எடுத்துவிட்டு மல்லிகை என்று விற்கின்றன. பூவைத் தலையில் வைத்துப் பழகியவர்கள் சென்ட் வாங்கும்போது வெள்ளைப் பூ வாசனைகளில் ‘கொஞ்சம் ஓவர்’ என்று கடைக்காரர் தயங்கும் புட்டியைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். அவர் தயங்குவது பெரும்பாலும் இண்டோலைப் பார்த்துத்தான்.

கடையில் இன்னொரு சடங்கு நடக்கும். நாலைந்து சென்ட் முகர்ந்ததும் ஒரு கிண்ணத்தில் காப்பிக் கொட்டையை நீட்டி, “இதை முகருங்க சார், மூக்கு ஃப்ரெஷ் ஆயிடும்” என்பார்கள். அமெரிக்காவின் பெலாய்ட் கல்லூரியில் அலெக்சிஸ் கிரோசாஃப்ஸ்கி 2011-ல் இதைச் சோதித்தார். காப்பிக் கொட்டை, எலுமிச்சை, வெறும் காற்று மூன்றையும் வைத்துப் பார்த்ததில் காப்பி எந்த விதத்திலும் உசத்தி இல்லை. காப்பியும் ஒரு வாசனைதானே, அதுவும் நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்த வாசனை. வாசலுக்குப் போய் நாலு மூச்சு விட்டுவிட்டு வருவது போதும். இரண்டு மணிக்கட்டையும் தேய்த்தால் ‘மூலக்கூறு உடைந்துவிடும்’ என்று சொல்வதும் கதை. தேய்ப்பதால் எந்த மூலக்கூறும் உடையாது. சூட்டில் டாப் நோட் இன்னும் வேகமாகக் கிளம்பும், அவ்வளவுதான்.

ஆகவே செய்ய வேண்டியது இது: ஒரு தடவைக்கு ஒரு கைக்கு ஒன்று, மிஞ்சினால் முழங்கை மடிப்பில் இன்னொன்று. அடித்துக்கொண்டு கடையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். வெயிலில் நடங்கள், வியர்க்கட்டும். மதியம் முகர்ந்து பாருங்கள், ராத்திரி முகர்ந்து பாருங்கள். வெப்பம் 10 டிகிரி ஏறினால் இந்த மூலக்கூறுகள் ஆவியாகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. குளிரூட்டிய கடைக்குள் அடக்கமாக இருந்தது மே மாதத்து ஷேர் ஆட்டோவில் கூட இருப்பவர்களைத் திணறடிக்கும். வறண்ட தோலில் வாசனை நிற்காது என்பதால் முதலில் வாசனை இல்லாத எண்ணெயோ கிரீமோ தடவிக்கொள்வது உதவும். பிடித்திருந்தால் சிறு குப்பி வாங்கிச் சில வாரம் போட்டுப் பார்த்துவிட்டுப் பெரிய புட்டிக்குப் போகலாம். பிராகிலும் பெர்னிலும் மூக்கு காட்டிய சாமர்த்தியத்துக்கு நாம் கொடுக்க வேண்டியது நேரமும் தோலும் மட்டுமே. விளம்பரத்து நடிகரும் புட்டியின் வடிவமும் அந்த வேலையில் குறுக்கேதான் நிற்கும்.

தேர்ந்தெடுத்தாயிற்று, தினமும் போடுகிறோம். அதன் பிறகு ஒரு விசித்திரம் நடக்கிறது. பிலடெல்ஃபியாவின் மொனெல் ஆராய்ச்சி மையத்தில் பமேலா டால்டன், சார்லஸ் வைசாக்கி இருவரும் 1996-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஆட்களின் வீட்டிலேயே ஒரு வாசனையை இரண்டு வாரம் தொடர்ந்து வைத்திருக்கச் செய்தார்கள். அந்த வாசனைக்கு மட்டும் அவர்களுடைய மூக்கு மந்தமாகிவிட்டது. வாசனையை அப்புறப்படுத்திய பிறகும் அது பழைய நிலைக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. வருடக்கணக்கில் ஒரே சென்ட் போடுகிறவரின் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். அது அவர் அடையாளம் என்று ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் அது இருப்பதே தெரியாது. ‘வாசனையே வரலையே’ என்று ஒரு அடி கூட்டுகிறார், அப்புறம் இன்னொரு அடி. லிஃப்ட்டில் கூட ஏறியவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐந்தாவது மாடிக்காகக் காத்திருக்கிறார். அளவை வீட்டில் வேறொருவரிடம் கேட்டு நிர்ணயித்துவிட்டு, பிறகு மூக்கு என்ன சொன்னாலும் கூட்டாமல் இருப்பதுதான் வழி.

2006-ல் கேஸா ஷோன் என்ற ஜெர்மானியர் இந்த விசித்திரத்தையே சரக்காக்கினார். மாலிக்யூல் 01 என்ற அவருடைய சென்ட்டில் வாசனைப் பொருள் ஒன்றே ஒன்றுதான்: ஐசோ ஈ சூப்பர் என்ற செயற்கை மர வாசனை. போட்டுக்கொண்டவர்களில் பலர், “காசு போச்சு, ஒன்றுமே வரவில்லை” என்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் பக்கத்தில் வந்து, “என்ன சென்ட்?” என்று கேட்கிறார். அது நன்றாகவே விற்றது.

பல வருடம் கழித்து, “இது பழைய மாதிரி இல்லையே, கம்பெனிக்காரன் ஏமாத்துறான்” என்ற புலம்பல் வரும். அது பாதி உண்மையாக இருக்கலாம். தோல் ஒவ்வாமையை முன்னிட்டு வாசனைப் பொருள்கள்மேல் கட்டுப்பாடுகள் கூடிக்கொண்டே போகின்றன. பழைய பிரெஞ்சு சென்ட்களின் அடித்தளமான ஓக் மரப் பாசியில் உள்ள இரண்டு பொருள்களை ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் தடைப் பட்டியலில் சேர்த்தது. பள்ளத்தாக்கு லில்லியின் வாசனை தரும் லிலியலுக்கு 2022 மார்ச்சில் தடை வந்தது. புட்டியும் பெயரும் அப்படியே இருக்க, உள்ளே இருப்பது மாறிவிடுகிறது. மறு பாதி நம்மிடம்: அறுபதைத் தாண்டினால் மூக்கின் கூர்மை மழுங்கும், தோலின் எண்ணெய்ப் பசையும் குறையும். இரண்டில் எது மாறியது என்று வீட்டில் உட்கார்ந்து பிரித்துச் சொல்வது முடியாத காரியம்.

பிரான்சின் வெர்சாயில் 1990-ல் தொடங்கப்பட்ட ஓஸ்மோதெக் என்ற வாசனைக் காப்பகத்தில் பழைய சூத்திரப்படி செய்த சென்ட்களை, வழக்கொழிந்துபோனவை உட்பட, 12 டிகிரிக் குளிரில் ஆர்கான் வாயுவுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். பார்வையாளர்கள் போய் முகரலாம். விலைக்குக் கேட்டால் கிடைக்காது. மேலே அடித்துப் பார்க்கவும் விடமாட்டார்கள். காகிதப் பட்டையில் தொட்டுத்தான் நீட்டுவார்கள்.